முழங்கால் தரையைத் தொடவில்லையா? பரவாயில்லை
(வாசகர் கேள்விகள்)

பந்தயப் பாதையில் பைக் ஓட்டிப் பழகுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜை மேல் ஹெல்மெட் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்வி, எந்த பைக் வாங்கலாம் என்று. அதற்குப் பொதுவாக ஒரு பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்குப் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பத்தாறு வயதில்தான் டிராக்கில் இறங்கினேன். 300 சிசி பிரிவில் ஒன்பது சீசன் போட்டியிட்டேன். கோப்பை ஒன்றுகூட வாங்கவில்லை. ஒரே ஒரு முறை நான்காவதாக வந்தேன், அதுவும் முன்னால் போன இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசி விழுந்ததால். இப்போது புதியவர்களின் பின்னால் ஓட்டிப்போய், இறங்கியதும் அவர்கள் செய்த தப்பைச் சொல்கிற வேலை பார்க்கிறேன். சாம்பியனின் அறிவுரை வேண்டுமென்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

என்னிடம் 200 சிசி பைக் இருக்கிறது. டிராக்குக்குப் போவதென்றால் குறைந்தது 600 சிசியாவது வேண்டும், இல்லாவிட்டால் சிரிப்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது பெரிய வண்டி எடுத்துவிடலாமா சார்?
– ஒரு கல்லூரி மாணவர்

வேண்டாம் தம்பி. நான் செய்த முதல் தப்பே அதுதான். நான்கு சிலிண்டர் 600 ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். நேர்ப்பாதையில் நான்தான் ராஜா. வளைவு வந்ததும் பயந்துபோய்ப் பிரேக்கைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் பிடித்து, கிட்டத்தட்ட உருட்டிக்கொண்டு திரும்புவேன். நிமிர்ந்ததும் மறுபடி ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பறப்பேன். இரண்டாவது செஷனில், பழைய 250 ஒன்றில் வந்த ஒரு பெண் வளைவுக்கு நடுவில் என்னை வெளிப்பக்கமாகத் தாண்டிப் போனார். தலையைக்கூடத் திருப்பவில்லை. அடுத்த நேர்ப்பாதையில் நான் அவரைப் பிடித்துத் தாண்டினேன். அதற்கடுத்த வளைவில் அவர் என்னைத் தாண்டினார். இருபது நிமிடமும் இதே கதை. மாலையில் அவருடைய பின்டயரைப் பார்த்தேன். ஓரம் வரைக்கும் சீராகத் தேய்ந்திருந்தது. என் டயர் நடுவில் தேய்ந்து, இரண்டு பக்கமும் விரலளவுக்குப் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அந்த 600ஐ விற்றுவிட்டு ஒற்றைச் சிலிண்டர் 300 வாங்கினேன். உண்மையில் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

காரணம் எளிது. சின்ன வண்டியில் வளைவில் விட்ட வேகத்தை எஞ்சின் திருப்பித் தராது. அதனால் வேகத்தை விடாமல் வளைவைக் கடக்கப் பழகியே ஆக வேண்டும். பெரிய வண்டி நம் தப்பையெல்லாம் நேர்ப்பாதையில் மூடி மறைத்துவிடும். இன்னொன்று, 100 கிலோமீட்டர் வேகம் 140 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. புதியவர் செய்யும் தப்பு 100இல் நடந்தால் புல்வெளிவரை போய்த் திரும்பி வரலாம். அதே தப்பு 200இல் நடந்தால் கதையே வேறு.

உங்கள் 200 போதும். பிரேக் பேட், டயர், செயின் மூன்றும் நன்றாக இருக்கட்டும். கடன் வண்டியில் மட்டும் டிராக்கில் இறங்காதீர்கள். கண் வளைவில் இருக்காது, தவணையில் இருக்கும். சாதாரண வாகனக் காப்பீடு பெரும்பாலும் டிராக்கில் நடப்பதற்குப் பொருந்தாது என்பதையும் ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் என்னதான் நடக்கும்? எதுவும் தெரியாமல் போய் நின்றால் மானம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது அண்ணா.
– தயங்கித் தயங்கி எழுதியவர்

எல்லாருக்கும் இருக்கும் பயம்தான் இது. வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் முதல் வேலை வண்டிப் பரிசோதனை. என் முதல் நாளில் பரிசோதனை செய்தவர் வாயே திறக்கவில்லை. முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பேரிங் ஆடுகிறதா என்று பார்க்க. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினார். பிரேக் லீவரை அழுத்தி அப்படியே பிடித்திருந்தார், மெதுவாக உள்ளே இறங்குகிறதா என்று. செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். கடைசியில் ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகிக் கையை எடுத்தார். அது டக்கென்று மூடிக்கொள்ள வேண்டும். என்னுடையது தூக்கக் கலக்கத்தில் எழுந்திருப்பவனைப்போல நிதானமாகத் திரும்பியது. என் முகத்தைப் பார்த்தார், அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர்தான் சொன்னார்: "கேபிளுக்கு எண்ணெய் விட்டுட்டுத் திரும்ப வரிசையில நில்லுப்பா." கண்ணாடிகளைக் கழற்றி, ஹெட்லைட்டில் டேப் ஒட்டி, ரேடியேட்டரில் கூலன்டை வடித்து வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தேன். (கூலன்டில் உள்ள கிளைகால் தரையில் சிந்தினால் சோப்புபோல வழுக்கும். அதைக் கழுவியெடுப்பது பெரும்பாடு. அதனால்தான் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.) இவ்வளவும் செய்தவன் கேபிளைக் கோட்டை விட்டேன்.

பிறகு எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். தயவுசெய்து இந்த அரை மணி நேரம் போனைப் பார்க்காதீர்கள். கொடிகளைப் பற்றிச் சொல்வது இங்கேதான். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரையும் தாண்டக் கூடாது. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம். பதறிப்போய் நடுப்பாதையில் பிரேக் போட்டு நின்றுவிடக் கூடாது, பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏறிவிடுவார். கையை உயர்த்திக் காட்டி, வேகத்தைக் குறைத்து, பிட்டுக்கு (பாதையை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடம்) திரும்ப வேண்டும். மஞ்சளும் சிவப்பும் பட்டையாக இருந்தால் தரை வழுக்குகிறது, எண்ணெயோ வேறு எதுவோ சிந்தியிருக்கிறது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் காட்டினால் உங்கள் வண்டியில் ஏதோ கோளாறு, உடனே பந்தயக் கோட்டிலிருந்து (எல்லாரும் வேகமாக ஓட்டும் தடம்) ஒதுங்கி வெளியே வாருங்கள். கட்டம் போட்ட கொடி முடிந்ததற்கு. அதைப் பார்த்ததும் கைதூக்கி வெற்றி கொண்டாட வேண்டாம், பயிற்சி நாளில் யாரும் ஜெயிப்பதில்லை.

பொதுவாக மூன்று குழுவாகப் பிரிப்பார்கள்: புதியவர்கள், நடுத்தரம், வேகக்காரர்கள். ஒரு செஷன் பதினைந்திலிருந்து இருபது நிமிடம். புதியவர்கள் குழுவில் நேர்ப்பாதையில் மட்டும்தான் தாண்ட விடுவார்கள், அதுவும் இடைவெளி விட்டு. பிட்டிலிருந்து வெளியே வரும்போது தரையில் ஒரு கோடு இருக்கும். அது முடியும்வரை அதன் உள்பக்கமே போக வேண்டும், ஏனென்றால் உங்களுக்குப் பின்னால் 180இல் ஒருவர் வந்துகொண்டிருப்பார். பிட்டுக்குள் திரும்பப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே கையைத் தூக்குங்கள், இல்லை ஒரு காலை நீட்டுங்கள்.

முதல் செஷன் முடிந்து இறங்கும்போது முன்கை கல்லாக இறுகியிருக்கும். உடம்பு முழுவதையும் ஹேண்டிலில் தொங்கவிட்டதன் பலன். டேங்கைத் தொடையால் கவ்விக்கொள்ளுங்கள். கை, பறவைக் குஞ்சைப் பிடித்ததுபோல இருக்கட்டும். மானம் போகாது. அங்கே இருக்கும் யாரும் உங்களைப் பார்க்கவே மாட்டார்கள், அவரவர் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. சாலையில் வேகமாகப் போகிறான். டிராக்குக்கு அனுப்பினால் அடங்கிவிடுவான், அது பாதுகாப்பானது என்று அவன் மாமா சொல்கிறார். உண்மையா?
– ஓர் அம்மா

பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா. எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, மண் கொட்டியிருக்காது, விழுந்தால் உருள இடமிருக்கும், ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் வேகம் அதிகம், பக்கத்தில் ஓட்டுபவர்களும் மனிதர்கள். எலும்பு உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் தோள்பட்டை எலும்பும் அதில் ஒன்று.

மாமா சொன்னதில் பாதி சரி. டிராக்கில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்கள் பலர் சாலையில் மெதுவாகிவிடுகிறார்கள். தங்களால் எவ்வளவு தூரத்தில் நிறுத்த முடியும் என்று அளந்து பார்த்துவிட்டதால் வரும் நிதானம் அது. மீதிப் பேர் டிராக்கில் படித்ததைச் சாலையில் காட்டப் போவார்கள். உங்கள் மகன் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அனுப்புவதென்றால் இரண்டு நிபந்தனை போடுங்கள்: பயிற்சியாளர் இல்லாத நாளுக்குப் போகக் கூடாது, முதல் ஐந்து நாள் யாரோடும் நேரத்தை ஒப்பிடக் கூடாது. இரண்டாவதுக்கு முகம் சுளித்தான் என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்.

உடுப்புக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டும்? பைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருப்பதைத்தான் இதற்கு வைத்திருக்கிறேன்.

வரிசையை மாற்றுங்கள். உடுப்பு வாங்கி மிச்சமிருப்பதில் பைக்.

ஹெல்மெட் முழுமுகம் மூடுவதாக, ஈசிஇ 22.06 போன்ற தற்போதைய தர முத்திரையோடு இருக்கட்டும். நாடாவில் இரட்டை டி வளையம் இருக்கிறதா பாருங்கள், பல இடங்களில் கிளிப் பூட்டை ஏற்பதில்லை. அளவு சரியா என்று பார்க்க, போட்டுக்கொண்டு கன்னத்தை மெல்ல முயலுங்கள். உள்கன்னம் பல்லில் படுகிறது என்றால் சரி. தலையை ஆட்டும்போது ஹெல்மெட் ஒரு நொடி தாமதமாக வந்தால் அது பெரிது.

லெதர் சூட் ஒரே துண்டாக இருந்தால் நல்லது. இரண்டு துண்டு என்றால் இடுப்பைச் சுற்றி முழுவதும் ஜிப்பால் இணைய வேண்டும். பாதி ஜிப் மட்டும் இருப்பது சறுக்கும்போது மேலே ஏறி, முதுகைத் தரைக்குக் காட்டிவிடும். சரியான சூட்டில் நிமிர்ந்து நிற்க முடியாது, கிழவர்போலக் குனிந்துதான் நடக்க வரும். வண்டியில் உட்கார்ந்தால் கச்சிதமாகப் பொருந்தும். கடையில் கண்ணாடி முன் அழகாக நிற்க வருகிறது என்றால் அது டிராக்குக்கு ஆகாது. உள்ளே முதுகுக் காப்பு தனியாக வேண்டும். இஎன் 1621-2 என்று அச்சிட்டிருக்கும், அதில் இரண்டாம் நிலையை எடுங்கள். கையுறை சூட்டின் கையை மேலே மூட வேண்டும், மணிக்கட்டில் தனிப் பட்டை வேண்டும். விழும்போது கையுறை கழன்று போய்விட்டால் அது எவ்வளவு தடிமன் என்பதில் யாருக்கு என்ன பயன்? பூட் கணுக்கால் திருகாமல் காக்க வேண்டும்.

விழும்போது உடுப்புக்குள் ஊதிக்கொள்ளும் ஏர்பேக் பற்றிக் கேட்பீர்கள். உலக பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபியில் 2018 முதல் எல்லாப் பிரிவுக்கும் அது கட்டாயம். பண வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் முதலில் மேலே சொன்னதெல்லாம்.

ஆறு முறை டிராக்குக்குப் போய்விட்டேன். இன்னும் முழங்கால் தரையைத் தொடவில்லை. போட்டோவில் எல்லாரும் தொடுகிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்?

போட்டோ பார்ப்பதில்தான். முழங்கால் என்பது ஓர் அளவுகோல், எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று காட்டுகிற விரல்போல. 1970களின் தொடக்கத்தில் ஃபின்லாந்தின் யார்னோ சாரினென் வண்டியின் ஒரு பக்கமாக உடம்பை இறக்கி ஓட்டினார். அதன் பிறகு 1978 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து 500 சிசி உலகப் பட்டம் வென்ற கென்னி ராபர்ட்ஸ் முழங்காலை இறக்குவதை உலகத்துக்கே பழக்கிவிட்டார். உடம்பை உள்ளே கொண்டுபோனால் அதே வளைவை அதே வேகத்தில் வண்டி குறைவாகச் சாய்ந்தே கடந்துவிடும், டயருக்கு மிச்சம் இருக்கும். காரியம் அவ்வளவுதான். முழங்காலைத் தரையில் தேடிப் போகிறவர் இடுப்பைத் திருகி, வெளிக்கையால் ஹேண்டிலில் தொங்கி, வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்த்துக்கொள்கிறார். நடக்க வேண்டியதற்கு நேர்மாறு.

அதை மறந்துவிட்டுத் தலையை மட்டும் உள்பக்கக் கண்ணாடி இருந்த இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். என்னுடைய முழங்கால் தொட்டபோது எனக்குத் தெரியவில்லை. பிட்டில் நிறுத்திய பிறகு, சூட்டின் முழங்காலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடரில் கீறல் இருப்பதைப் பக்கத்து ஆள்தான் காட்டினார்.

டயர் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் காற்றைக் குறை என்கிறார், ஒருவர் அப்படியே விடு என்கிறார். யார் சொல்வது சரி?

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயர் சூடாகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறும். சாலையில் இது கொஞ்சம்தான். டிராக்கில் கடுமையாகப் பிரேக் போட்டுச் சாய்ந்து முடுக்கும்போது ரப்பர் நெளிந்து நெளிந்து நன்றாகச் சூடாகும். என் பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "முன், குளிர்ச்சியில் 28. செஷன் முடிந்து 33." சாலைக்கான அழுத்தத்தோடு நேரே உள்ளே போனால், சூடானதும் டயர் பலூன்போல விறைத்து, தரையில் பதியும் பரப்பு குறைந்து, பிடிப்பு போய்விடும். அதனால் குறைக்கிறோம். எவ்வளவு என்பது டயருக்கு டயர் வேறு. அந்த டயர்க்காரர் டிராக்குக்கென்று கொடுத்திருக்கும் எண்ணிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து பைக்கின் எண் உங்களுக்கு உதவாது. ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து, ஹேண்டில் களிமண்ணில் ஓட்டுவதுபோல மந்தமாகும்.

அளப்பதற்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். எப்போதும் அதே கேஜ். செஷன் முடிந்து வந்து நின்ற அடுத்த நிமிடம் அளங்கள், அரட்டை முடிந்து அளந்தால் எண் பொய்யாகிவிடும். அளந்ததை எழுதுங்கள்: நேரம், வெயிலா மேகமா, முன், பின். ஐந்து நாள் எழுதினால் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

இதைவிட முக்கியம், சூடேறாத டயர். முதல் இரண்டு சுற்றில் விழுகிறவர்கள்தான் அதிகம் என்பது நான் பிட் சுவரில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெர்மனியின் ஸாக்ஸன்ரிங் பாதையில் 13 வளைவு, அதில் 10 இடப்பக்கம். டயரின் இடது பாதி கொதிக்கும், வலது பாதி அதற்குள் ஆறிப்போயிருக்கும். வெகுநேரம் கழித்து வரும் பதினோராவது வளைவு வலப்பக்கம், இறக்கம் வேறு. உலகச் சாம்பியன்களே அங்கே விழுந்திருக்கிறார்கள். நீங்கள் ஓட்டும் பாதையிலும் இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று காகிதத்தில் எண்ணிப் பாருங்கள். குறைவாக இருக்கும் பக்கத்தின் முதல் வளைவை ஒவ்வொரு சுற்றிலும் மரியாதையோடு அணுகுங்கள்.

பிரேக் எங்கே பிடிப்பது என்றே பிடிபடவில்லை. சீக்கிரம் பிடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தாமதமாகிப் பதறுகிறேன்.
– மூன்று நாள் அனுபவசாலி

120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 33 மீட்டர் போகிறோம். "இப்போ பிடிக்கலாமா" என்று யோசித்து முடிப்பதற்குள் ஒரு பஸ்ஸும் அதன் பின்னால் இன்னும் இரண்டு பஸ்ஸும் நிற்கிற தூரம் போய்விடும். அதனால் யோசிக்காமல் இருக்க ஓர் அடையாளம் வேண்டும். தரையில் ஒட்டுப் போட்ட தார், ஓரக் கல்லின் நிறம் மாறும் இடம், கொடி காட்டும் மார்ஷல் நிற்கும் கூண்டின் கால். நிழலை வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது நகர்ந்துவிட்டிருந்தது. நேரே சரளைக்குள் போனேன்.

அடையாளம் கிடைத்ததும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, ஆனால் இதமாகப் பிடியுங்கள். இரண்டு விரல், முதலில் மெல்ல, முன்ஃபோர்க் அமுங்கிய பிறகு பலமாக. எடை முன்டயருக்கு வந்த பிறகுதான் அதற்கு நிறுத்தும் சக்தி வரும். வெடுக்கென்று பிடித்தால் எடை வருமுன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவுக்குள் திரும்பும்போது லீவரைச் சட்டென்று விடாமல், சாயச் சாய விரலைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். இதை டிரெயில் பிரேக்கிங் என்பார்கள். 1985இல் 250, 500 இரண்டு பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்ற ஃப்ரெடி ஸ்பென்சர் இதில் கைதேர்ந்தவர். ஆனால் நீங்கள் மூன்று நாள்தான் ஆகியிருக்கிறீர்கள். இப்போதைக்கு நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொண்டு திரும்புங்கள். பத்தாவது நாளில் இந்தப் பத்தியை மறுபடி படியுங்கள்.

பதற்றத்துக்கு மருந்து கண்ணில் இருக்கிறது. வேகமாக வந்துவிட்டோம் என்று தோன்றியதும் கண் தானாகப் பாதையின் வெளி ஓரத்துக்குப் போகும். கண் போகும் இடத்துக்கு வண்டியும் போகும். அந்த நேரத்தில் கழுத்தைப் பிடித்துத் திருப்புவதுபோல வளைவின் முடிவைப் பார்த்து, உள்பக்க ஹேண்டிலை முன்னால் தள்ளுங்கள். இடப்பக்கம் போக இடது ஹேண்டிலைத் தள்ள வேண்டும். கேட்க அபத்தமாக இருக்கும், காலி மைதானத்தில் செய்து பாருங்கள். பெரும்பாலும் வண்டியால் முடிகிறது, நாம்தான் முன்னாலேயே கைவிட்டுவிடுகிறோம். பின்னால் ஓட்டிப்போய் இதைத்தான் தினமும் பார்க்கிறேன்: டயரில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்க, ஆள் நேராக நிமிர்த்திப் புல்லுக்குள் ஓட்டிப் போவார்.

எனக்கு 47 வயது. தொடங்கலாமா?

தாராளமாக. கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கடைசி செஷனைத் தவறவிடப் பழகுங்கள். களைத்துப்போய், "இன்னும் ஒண்ணு" என்று இறங்குகிற அந்தக் கடைசிச் செஷன் இருபது வயதுக்காரரையே கவிழ்த்துவிடும்.

பயிற்சி நாட்கள் போதும், பந்தயத்தில் இறங்க வேண்டும் என்று ஆசை. எப்போது தயார் என்று தெரிந்துகொள்வது?

நடைமுறை முதலில். அந்தந்த நாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பு தரும் உரிமம் வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், பெரும்பாலும் புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். வண்டிக்கும் வேலை இருக்கிறது. எண்ணெய் வடிக்கும் போல்ட், ஆயில் ஃபில்டர், பிரேக் காலிப்பர் போல்ட் எல்லாவற்றிலும் ஓட்டை போட்டு மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும், அதிர்ந்து அதிர்ந்து கழன்றுவிடாமல். எஞ்சினுக்குக் கீழே, எண்ணெய் கசிந்தால் பிடித்துக்கொள்ள மூடிய தொட்டிபோன்ற உறை. பிரேக் லீவருக்கு முன்னால் ஒரு தடுப்பு, பக்கத்து வண்டி உரசி உங்கள் பிரேக்கை அழுத்திவிடாமல் இருக்க. முதல் முறை கம்பி முறுக்கியபோது என் விரலில் ஏழு இடத்தில் ரத்தம். கம்பி எதிர்த்திசையில் முறுக்கியிருக்கிறது என்று பரிசோதகர் வெட்டி எறிந்துவிட்டார்.

எப்போது தயார்? உங்கள் நேரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொடர்ந்து பத்துச் சுற்று ஓட்டி, எல்லாச் சுற்றும் ஒரு நொடிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். ஒரு சுற்று பிரமாதம், அடுத்தது மோசம் என்றால் உங்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்றே தெரியவில்லை. அப்புறம், பக்கத்தில் ஒருவர் நெருங்கி வரும்போது உங்கள் கோட்டை மாற்றாமல் ஓட்ட முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் போங்கள்.

என் முதல் பந்தயத்தில் 24 பேர். சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்ததும் கிளம்ப வேண்டும் என்று நூறு முறை படித்திருந்தேன். அணைந்தது. என் இடது கை கிளட்சை விடவில்லை. கை வேறு யாருடையதோபோல இருந்தது. பின்னாலிருந்தவர்கள் என் இரண்டு பக்கமும் சத்தத்தோடு பிரிந்து ஓடினார்கள், வெள்ளம் கல்லைச் சுற்றி ஓடுவதுபோல. பிறகு கிளம்பி, இருபத்திரண்டாவதாக முடித்தேன். எனக்குப் பின்னால் வந்த இருவரில் ஒருவருக்குச் செயின் கழன்றிருந்தது. அன்று ராத்திரி சிரித்துக்கொண்டே தூங்கியது நினைவிருக்கிறது.

போன மாதம் விழுந்தேன். பெரிய அடி இல்லை. ஆனால் அந்த வளைவு வந்தாலே கை தானாக ஆக்ஸிலரேட்டரை மூடிவிடுகிறது. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– விழுந்தவர்

முதலில் சில கேள்விகள். தலையில் பட்டதா? பட்டிருந்தால் அந்த ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிட்டீர்களா? மருத்துவரைப் பார்த்தீர்களா? தலையில் அடிபட்ட அன்றே திரும்ப ஓட்டப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சரி. அடுத்து, ஏன் விழுந்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை. அதுதான் உங்கள் பிரச்சினை என்று நினைக்கிறேன். காரணம் தெரியாத விழுகை பேய்போல, எங்கே வேண்டுமானாலும் நிற்கும். தோள்பட்டை உடைந்த பிறகு எனக்கும் ஒரு வளைவு அப்படி இருந்தது. ஓடிப்போய்விடலாம் என்று இருந்தபோது, அந்த வளைவில் கொடி பிடித்துக்கொண்டிருந்த மார்ஷல் ஒருவர் மதிய இடைவேளையில் என்னை நடக்கக் கூட்டிப்போனார். வெயிலில், பூட்ஸோடு. என் வண்டி சறுக்கிய கோடு தாரில் இன்னும் தெரிந்தது. அவர் குனிந்து, அது தொடங்கும் இடத்தில் கையை வைத்தார். உள்பக்கக் கோட்டுக்கு இரண்டடி தள்ளித் தார் கொஞ்சம் மேடாக இருந்தது. உள்ளங்கை வைத்தால்தான் தெரியும். "நீங்க அதைத் தாண்டும்போதுதான் ஆக்ஸிலரேட்டரைத் திறக்கிறீங்க. எல்லாச் சுற்றும் பார்த்தேன். பின்சக்கரம் ஒவ்வொரு தடவையும் லேசா ஆடிச்சு, அந்தத் தடவை கொஞ்சம் அதிகம்" என்றார். ஒன்பது சுற்றாக வண்டி சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு ஓட்டவில்லை, கை கட்டுப்போட்டிருந்தது. மூன்று மாதம் கழித்து வந்து, அந்த மேட்டைத் தாண்டிய பிறகு திறந்தேன். பத்து மீட்டர் தள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்களும் அந்த இடத்தை நடந்து பாருங்கள். ஏற்பாட்டாளர்களிடம் கேட்டால் இடைவேளையில் பெரும்பாலும் விடுவார்கள். காரணம் தெரிந்த பிறகும் கை மூடிக்கொண்டால், அந்த வளைவில் மட்டும் ஒரு கியர் அதிகமாகப் போட்டு எஞ்சின் சத்தத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பயத்தில் பாதி காதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். எனக்கு மேட்டைக் காட்டிய மார்ஷல்கூட முன்பு ஓட்டியவர்தான்.

கடைசியாக ஒன்று. முதல் நாளுக்கு என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

உடுப்பு, கேஜ், காற்றடிக்கும் பம்ப், உங்கள் வண்டியின் இரண்டு சக்கர நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர், டேப் ஒரு சுருள், செயின் எண்ணெய், பெட்ரோல் கொஞ்சம் அதிகமாக, தண்ணீர் நிறைய, நிழலுக்கு ஏதாவது, மடக்கு நாற்காலி. உரிமமும் அடையாள அட்டையும். நோட்டுப் புத்தகம், பென்சில். பேனா வேண்டாம், எண்ணெய்க் கையில் எழுதாது. முடிந்தால் வண்டியை வேறொரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். சாயங்காலம் நீங்களே ஓட்டித் திரும்பும் நிலையில் இருந்தாலும், உங்கள் பிரேக் லீவர் இருக்குமா என்று சொல்ல முடியாது.